துவக்கும் கொல்லனும்: ஈழத்துப் படைக்கலத் தொழில்நுட்பம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்தார் துப்பாக்கி என வழங்கும் படைக்கலத்தை ஈழத்துத் தமிழர் துவக்கு என்பர். சிங்கள மொழியிலும் அது துவக்குவ என்றே வழங்குகின்றது. துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும் துருக்கி, பாரசீக மொழிகளில் வழங்கிய ஒரே சொல்லின் வழிவந்தவை. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இடம்பெறும் ஒலியொத்த சொல்லுக்கும் இப்படைக்கலத்துக்கும் எத்தகைய தொடர்பும் இல்லை. பீரங்கி என்னும் சொல்லோ பறங்கியரைக் குறித்த பெயரோடு தொடர்புடையது. ஆயின், இக்கருவியின் உறுப்புகளையும் அதற்கு வேண்டிய பொருள்களையும் குறிக்கும் குழல், திரி, மருந்து, குண்டு, விசை முதலிய சொற்கள் நம் வீடுகளிலும் வயல்களிலும் முன்னமே வழங்கியவை. கருவியின் பெயர் கடல் கடந்து வந்தது. அதனைப் பிரித்தும் பூட்டியும் பழகிய கைகளோ உள்ளூர்க் கைகள் என்பதைச் சொற்களே உணர்த்துகின்றன. அக்கைகளுக்கு உரியவனான கொல்லன் நம் வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படாதவன். அவனை நடுவாகக் கொண்டு துவக்கின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துவக்கு என்பது எது என்னும் வினா எளியதுபோலத் தோன்றும். குழலே துவக்கு எனப் பலரும் எண்ணுவர். ஆனால், இன்று தனியொருவரின் தேவைக்கேற்ப றைபிள் அமைத்துக் கொடுக்கும் வினைஞர் முதலில் தேர்ந்தெடுப்பது குழலையன்று. குழலின் அடிமுனையைத் தன்னுள் ஏற்று, தோட்டாவைப் பின்புறமிருந்து அடைக்கும் தாழையும் விசைப்பொறியையும் தாங்கி நிற்கும் உறுப்பையே அவர் முதலில் தேர்வர். றிசீவர் எனப்படும் அவ்வுறுப்பு இக்கட்டுரையில் அடைப்புக்கூடு எனக் குறிக்கப்படும். தோட்டாவின் நீளமும் வலிமையும் அதனுள் அடங்கவேண்டும். அதன் முகம் குழலின் அச்சுக்குச் செங்குத்தாக அமையவேண்டும். தாழின் பற்கள் யாவும் ஒத்த அளவில் அழுந்தவேண்டும். தேய்ந்த குழலை மாற்றலாம், மரப்பிடியையும் மாற்றலாம், அடைப்புக்கூட்டை மாற்றினால் துவக்கே வேறாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேறு உறுப்பு எதுவும் இன்றித் தனித்துக் கிடக்கும் அடைப்புக்கூட்டையே துப்பாக்கி எனக் கொள்கின்றது. குழலின் அடிப்புறத்தை யார் அடைத்தனர், எவ்வாறு அடைத்தனர் என்பதே துவக்கின் வரலாற்றுக்குத் திறவுகோல் எனலாம்.

பழைய திரித்துவக்கில் இவ்வடைப்பு மிக எளிய வடிவில் இருந்தது. இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு தண்டின்மேற் சுற்றி, அடித்து இணைத்துக் குழல் ஆக்கப்பட்டது. அதன் அடிமுனையை ஒரு முளை அடைத்தது. மருந்து எரியும்போது எழும் ஆற்றல் முழுவதையும் அம்முளை தாங்கவேண்டும்; தாங்காவிடின் அது சுடுபவனின் முகத்தையே தாக்கும். இதன் அருமையை யப்பானிய வரலாறு நன்கு விளக்குகின்றது. 1543ஆம் ஆண்டில் தனெகசிமா என்னும் தீவுக்குப் போர்த்துக்கேயர் கொண்டுவந்த துவக்குகள் இரண்டினை அத்தீவின் தலைவன் விலைக்கு வாங்கி, அவற்றைப் போன்று வேறு செய்யுமாறு தன் கொல்லரைப் பணித்தான். வாள் வடிப்பதிற் கைதேர்ந்த அக்கொல்லர் குழலை விரைவிலேயே ஆக்கிவிட்டனர். ஆனால், குழலின் அடியைத் திருகாணியால் அடைக்கும் முறை அவர்களுக்குப் புலப்படவில்லை. மறுவருடம் வந்த கப்பலில் இருந்த அயல்நாட்டு வினைஞன் ஒருவனிடமே அதனைக் கற்றனர் என அந்நாட்டு மரபு கூறும். உலகப் புகழ்பெற்ற வாள்களை வடித்த கைகளும் ஒரு திருகாணியின் முன் ஓராண்டு தயங்கி நின்றன.

இலங்கையில் இக்கலை பரவிய விரைவு வியப்பைத் தருவதாகும். 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இத்தீவை அடைந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிடுமளவுக்குத் துவக்குப் படை பெற்றிருந்தான். கற்பித்தோர் பறங்கியர் மட்டுமல்லர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படையினரும் சீதாவாக்கைக்குத் துணையாக வந்திருந்தனர். 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்சோற்றன், இலங்கையர் ஆக்கும் துவக்குக் குழல்கள் எங்கும் காணக்கிடையாத அழகுடையவை என்றும் வெள்ளிபோல் ஒளிர்பவை என்றும் 1596இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். வணிகப் போட்டி மிகுந்த கோவா நகரில் இருந்து பல நாட்டுப் பொருள்களையும் ஒப்புநோக்கிய ஒருவரின் கூற்று என்பதால் இது மதிப்பிற்குரியது.

இத்திறன் வெறுமையினின்று தோன்றியதன்று. சப்பிரகமுவ மலைச்சாரலில் உள்ள சமனலவாவிப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே இரும்பை உருக்கிய உலைகள் கண்டறியப்பட்டு, அவை பற்றிய ஆய்வு 1996இல் வெளியிடப்பட்டது. அவ்வுலைகள் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை என மதிப்பிடப்பட்டுள்ளன. பிற்காலத்திலும் இத்தொழில் அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து வழிவந்த முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் தலைவராக இருந்த காலத்தில், பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த இரும்பு உருக்கும் முறையை நேரிற் கண்டு பதிவுசெய்தார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவர் நூலில் படைக்கலங்களும் இடம்பெறுகின்றன. தாதும் கரியும் உலையும் உருக்குவோனும் அடிப்போனும் ஒரே மலைநாட்டில் இருந்தமையே அங்குத் துவக்குத் தொழிலுக்கு அடித்தளமாயிற்று.

மலைநாட்டுக் கொல்லர் பிறர் செய்ததை அப்படியே பின்பற்றியவர் அல்லர். கண்டிக்காலத் துவக்குகளில் தீக்கல்லைத் தாங்கும் பூட்டு இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது பொதுவாக வலப்பக்கத்தில் இருப்பதாகும். பூட்டின் அடிப்படை போர்த்துக்கேயருடையது. அமைப்பும் அலங்காரமும் உள்ளூருக்கு உரியவை. மரப்பிடியின் முனை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருப்பதும் இவற்றின் தனியியல்பாகும். கொடித்துவக்கு எனப்பட்ட சிறுபீரங்கியின் பெயர் இன்றும் சிங்களக் குடும்பங்கள் சிலவற்றின் பெயராக நிலவுகின்றது. இத்துவக்குகளில் ஒன்றன் பூட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது. குழல், முளை, பூட்டு, பிடி ஆகியவற்றைக் கொல்லன் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, அராவி, மீண்டும் வைத்துப் பார்த்து இணைத்தான். இக்காலத்தார் பெரும்பொருள் கொடுத்துப் பெறும் தனியமைப்புத் துவக்கு அக்காலத்தில் இயல்பாக நிகழ்ந்த ஒன்று. ஒவ்வொரு துவக்கும் தனியமைப்பே.

இனி வடபுலத்தை நோக்குவோம். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரின் படையெடுப்புகளை 1543 முதல் எதிர்கொண்டது. 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். முதலாம் சங்கிலி மன்னன் பின்வாங்கினான். ஆயினும் மக்கள் கிளர்ந்தெழவே பறங்கியர் தீபகற்பத்தில் நிலைகொள்ளமாட்டாது மன்னாருக்குச் சென்று கோட்டை அமைத்தனர். 1591இல் அந்திரே பூர்த்தாடோவின் படையெடுப்பில் மன்னன் கொல்லப்பட, எதிர்மன்னசிங்கன் பறங்கியரின் ஆதரவோடு அரசேறினான். 1619இல் பிலிப் தெ ஒலிவேறாவின் படை இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்தது. அடுத்த ஆண்டுகளில் தஞ்சை நாயக்கர் அனுப்பிய படைகளும் இழந்த அரசை மீட்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இவ்வீழ்ச்சியைக் காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பாகக் காண்கின்றது. மக்கள் நினைவில் இன்றுவரை நிலைத்திருப்பதும் அக்கதையே.

இக்கதைக்கு அப்பால், ஒரே தீவில் இருந்த ஈரரசுகளின் நிலையை ஒப்புநோக்குதல் பயனுடையது. கண்டி அரசு 1594இல் தந்துறையிலும், 1630இல் இரந்தெனிவெலவிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகளை முறியடித்து, 1815 வரை நிலைத்தது. யாழ்ப்பாணம் 1619இல் மறைந்தது. மலையும் காடும் கண்டிக்கு அரணாயின என்பது யாவரும் அறிந்தது. அம்மலை அரணாக மட்டுமன்றி உலைக்களமாகவும் இருந்தது என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. யாழ்ப்பாணத் தீபகற்பமோ சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்த சமநிலம். அங்கு உருக்குதற்கு உரிய இரும்புத்தாது இல்லை. கொல்லனின் கம்மாலைக்கு வேண்டிய இரும்பு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. கடல்வழியைப் பறங்கியர் அடைத்தபோது, அல்லது 1560க்குப் பின் மன்னாரில் அமர்ந்து பாக்கு நீரிணையைக் காவல்செய்தபோது, அவர்கள் அடைத்தது வணிகத்தை மட்டுமன்று எனக் கருத இடமுண்டு. தலைநகரான நல்லூரும் கடனீரேரிக் கரையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலேயே இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கொல்லர் திறனற்றவராக இருந்தனர் என்பது இதன் பொருளன்று. கலப்பைக் கொழு, மண்வெட்டி, சீவற்றொழிலாளரின் பாளைக்கத்தி, கிணற்றுத் துலாவுக்கும் வண்டிக்கும் மரக்கலத்துக்கும் வேண்டிய இரும்புப் பூண்கள் ஆகிய யாவற்றையும் ஆக்கியவர் அவர்களே. தோட்டப் பயிர்ச்செய்கையிற் புகழ்பெற்ற ஒரு நிலப்பகுதியின் கருவிகள் அனைத்தும் கம்மாலையிற் பிறந்தவை. ஆயின், குடிமை முறைமைக்குள் ஊர்தோறும் சிதறி, ஊராரின் தேவைக்கெனத் தொழில் செய்த வினைஞரை ஒன்றுதிரட்டிப் படைக்கலத் தொழிலாக வளர்ப்பதற்கு மூலப்பொருளும் அரச ஆதரவும் நெடிய அமைதிக்காலமும் வேண்டும். இடையறாத படையெடுப்புகளுக்கும் அரசுரிமைப் பூசல்களுக்கும் உட்பட்டிருந்த நல்லூர் அரசுக்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கவில்லை.

இவ்வாறு கூறுதல், துவக்குத் தொழில் ஒன்றே அரசுகளின் தலைவிதியைத் தீர்மானித்தது எனக் கொள்வதாகாது. 1560இல் சிறந்த படைக்கலம் கொண்டிருந்த பறங்கியர் மக்கள் எழுச்சியின் முன் பின்வாங்கினர். 1815இல் கண்டி வீழ்ந்தது குழல்களின் குறையினாலன்று. மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே எழுந்த பிளவினாலேயே. ஆகவே கொல்லனின் உலை அரசியலுக்கு மாற்றன்று. அரசியல் நெடுங்காலம் தாக்குப்பிடிப்பதற்கு உதவும் காரணிகளுள் ஒன்று எனக் கொள்வதே பொருந்தும். கைப்பற்றிய துவக்கு ஒரு போருக்கு உதவும். பழுதாகும்போது அதனைத் திருத்த வல்லவன் இருந்தாலன்றி அடுத்த போருக்கு உதவாது.

1658இல் றிக்லொவ் வான் கூன்சின் தலைமையில் ஒல்லாந்தர் மூன்று திங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின்பின் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டை இருந்த இடத்தில் ஐங்கோணக் கோட்டை எழுந்தது; அதன் வெளியரண்கள் 1792இல் நிறைவெய்தின. மூன்றாண்டுகள் கழித்து, 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் பல திசைகளிலிருந்தும் வந்த ஆங்கிலப் படைகள் அவனை முறியடித்தன. படைக்கலமும் மருந்தும் தடையின்றிப் பெற வல்லாரோடு அவை அரிதாகவே கிட்டுவோர் பொருதும்போது, முதல் வெற்றியை நிலைநிறுத்துதல் எத்துணை அரிது என்பதற்கு வன்னியின் இப்போர் ஓர் எடுத்துக்காட்டாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஐரோப்பியத் துவக்குக்கும் கண்டித் துவக்குக்கும் இடையே இருந்த வேறுபாடு ஊர்க் கொல்லன் கடக்கமுடியாத ஒன்றன்று. இரண்டும் வாய்வழி மருந்து இடித்து நிரப்பப்படுபவை. இரண்டின் அடியையும் ஒரு முளையே அடைத்தது. மாற்றம் அடிப்புறத்தில் நிகழ்ந்தது. பிரித்தானியர் 1866 முதல் தம் என்பீல்ட் றைபிள்களின் குழலடியை இரண்டரை அங்குல அளவில் வெட்டி நீக்கி, கீலில் திறந்து மூடும் அடைப்பைக் கொண்ட சினைடர் கூட்டை அவ்விடத்திற் பொருத்தினர். குழல் பழையது, பிடி பழையது, அடைப்புக்கூடு ஒன்றே புதியது. ஆயினும் அது வேறொரு படைக்கலமாயிற்று. நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டவன் அதைப் போன்று பன்மடங்கு சுட வல்லவனானான்; படுத்தபடியே நிரப்பவும் முடிந்தது. 1871இல் மாட்டினி ஹென்றியும், 1888இல் லீ மெற்போட்டும், 1895இல் லீ என்பீல்டும் தொடர்ந்தன.

இம்மாற்றம் கொல்லனின் கையிலிருந்து தொழிலைப் பறித்தது. பித்தளைத் தோட்டா அடிக்கும் அடைப்பின் முகத்துக்கும் இடையே எஞ்சும் இடைவெளி மயிரிழை அளவில் மிகினும் தோட்டா கிழிந்து சூடான வாயு பின்னே பீறிடும். குறையின் தாழ் பூட்டிக்கொள்ளாது. இத்தகைய நுண்மையைக் கண்ணும் அரமும் கொண்டு ஆயிரக்கணக்கான துவக்குகளில் பேணுதல் இயலாது. அளவுமானிகளும், கடைசல் இயந்திரங்களும், தன்மை அறிந்து பதப்படுத்திய உருக்கும் வேண்டும். ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தவேண்டும் என்னும் கொள்கை அமெரிக்காவின் ஹாப்பர்ஸ் பெரி ஆலையில் 1820களிலேயே செயல்வடிவம் பெற்றிருந்தது. குழலை இன்னும் ஒரு கொல்லன் ஆக்கக்கூடும். அடைப்புக்கூடு ஆலையின் உடைமையாயிற்று.

இவ்விதி குடியேற்ற நாட்டுக் கொல்லனுக்கு மட்டும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது. 1898இல் யேர்மனியின் ஓபெண்டோர்பில் உருவான மவுசர் அடைப்புக்கூடு அதன் வலிமையாற் புகழ்பெற்றபோது, இலண்டனின் பெயர்பெற்ற றிக்பி நிறுவனமே அதனை விலைக்கு வாங்கித் தன் குழலையும் பிடியையும் பொருத்தி விற்றது. சம்பாவத்து ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்திய ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாக வழங்கப்பட்டது அத்தகைய றைபிளே. அரசருக்கும் பிரபுக்களுக்கும் தனியமைப்புத் துவக்கு செய்த இலண்டன் வினைஞரும், அடிப்புறத்தைப் பொறுத்தவரை, பிறர் ஆக்கியதைத் தேர்ந்து பொருத்துவோராயினர். ஆயினும் அவர்களுக்குத் தேர்வு இருந்தது, சந்தை இருந்தது, சட்டத்தின் அங்கீகாரம் இருந்தது. இலங்கைக் கொல்லனுக்கு இம்மூன்றும் மறுக்கப்பட்டன.

1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் மலைநாட்டாரின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருத்தலை உரிமப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு இத்தகைய சட்டம் வேண்டும் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் உரிமப்பத்திரத்துடன் பிரித்தானிய வேட்டைத் துவக்கை வாங்கக்கூடியவர் வசதி படைத்தோரே. மூன்று நூற்றாண்டு அனுபவம் உடைய உள்ளூர்த் தொழில் சட்டத்தின் ஒளியில் வளர வழியின்றி மறைவிடத்துக்குச் சென்றது.

அங்ஙனம் மறைவிடத்தில் எஞ்சியதே வன்னியில் இடியன் துவக்கு எனப்படும் வாய்வழி நிரப்பும் நாட்டுத்துவக்கு. மருந்தை இடித்து நிரப்புவதால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது என்பது வெளிப்படை. விலங்கு வரும் வழியிற் பொருத்திவைக்கப்படும் கட்டுத்துவக்கு அதன் உடன்பிறப்பு. இவை லின்சோற்றன் கண்ட வெள்ளியொளிக் குழல்களின் வழித்தோன்றல்கள் என்றால் நெஞ்சு வருந்தும். படைக்கலத்துக்கென ஆக்கப்படாத குழாயும், சோதிக்கப்படாத அடைப்பும் கொண்டவை இவை. பன்றிக்கென வைத்த கட்டுத்துவக்கில் விறகு பொறுக்கச் சென்றவரும் மாடு தேடிச் சென்றவரும் கால் இழந்த செய்திகள் வன்னியிலும் கிழக்கிலும் மீண்டும் மீண்டும் வெளிவருகின்றன. இலங்கையில் யானைகள் இறப்பதற்கான முதன்மைக் காரணங்களுள் துவக்குச் சூடும் ஒன்று. ஒரு கலை தன் சமூகத்தின் கண்காணிப்பையும் பெருமிதத்தையும் இழக்கும்போது அடையும் நிலை இதுவாகும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போரின்பின், வடபுலத்தில் துவக்கு என்னும் சொல்லைத் துயரமின்றி உச்சரித்தல் எளிதன்று. எனவே இப்பொருளை ஆராய்வதே தகாதென எண்ணுவாரும் உளர். ஆயின், துவக்கைப் போற்றுவது வேறு; அதனை ஆக்கிய வினைஞனின் அறிவை வரலாற்றில் உரிய இடத்தில் வைப்பது வேறு. மன்னரின் வீரத்தையும் வன்னியனின் வஞ்சகத்தையும் பேசும் நமது வரலாறு, இரும்பு எங்கிருந்து வந்தது, அதனை யார் காய்ச்சினர், அவர்களுக்கு என்ன ஊதியம் கிட்டியது என்னும் வினாக்களை அரிதாகவே எழுப்பியுள்ளது. ஒரு பொருளின் உயிர்நிலையான உறுப்பை ஆக்கும் ஆற்றல் எவரிடம் உள்ளதோ அவரிடமே அப்பொருளின் மீதான ஆட்சியும் உள்ளது என்னும் பாடம் துவக்குக்கு மட்டும் உரியதன்று. நீரிறைக்கும் பொறிக்கும், மீன்பிடிப் படகின் எந்திரத்துக்கும், இன்றைய கணினிக்கும் அது பொருந்தும்.

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்து சென்ற லேவுகே திசாவையின் அலங்காரப் பீரங்கியும், அதனோடு வேறு துவக்குகளும் வாள்களும் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்கு மீண்டன. கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலையில் அவற்றின் பொன்னையும் மணியையும் காண்போர் பலர். பூட்டையும் அடிமுளையையும் நோக்கி, அவற்றிற் பதிந்துள்ள அரத்தின் தடங்களைப் படிக்கும் ஆய்வாளர் இனித் தோன்றவேண்டும். வடபுலத்தில் எஞ்சியுள்ள கம்மாலைகளின் கருவிப் பெயர்களையும், தொழிற்சொற்களையும், முதிய கொல்லர்களின் நினைவுகளையும் திரட்டுதல் பல்கலைக்கழக மாணவர் கைக்கொள்ளக்கூடிய பணியாகும். உலைகள் ஒவ்வொன்றாக அவிந்துவரும் காலத்தில் அப்பணியைத் தாழ்த்துதல் தகாது.